கழிவுநீர் இறங்கவில்லையா? லாரிக்குப் போன் செய்வதற்கு முன் சேம்பரைத் திறந்து பாருங்கள்

கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றவுடன் நம் பக்கத்து வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கும். ஒருவர் ஆசிட் பாட்டில் வாங்கக் கடைக்கு ஓடுவார். இன்னொருவர் செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் செய்வார். துணியும் நாப்கினும் அடைத்த லைனை ஆசிட் ஒன்றும் செய்யாது. லாரி வந்தால் டேங்க் காலியாகும். ஆனால் அடைப்பு டேங்குக்கு முன்னால் இருந்தால், லாரி போன பிறகும் கோப்பையில் தண்ணீர் அப்படியே நிற்கும். பணம் மட்டும் இறங்கியிருக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கென்று இதைத் தனியாக எழுதக் காரணம் நம் தரை. 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த இரண்டுக்கும் நிலத்தின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே செம்மண், பல இடங்களில் சில அடிகளிலேயே பாறை. கிருஷ்ணகிரிக் கிரானைட் கப்பலேறுவது பெருமைதான். அதே கல் உங்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடந்தால் தொல்லை. தோண்டக் கூலி எகிறுவதால் பைப்பை மேலாகவே புதைத்துவிடுகிறார்கள், சரிவு போதாமல் போகிறது. உறிஞ்சு குழியில் தண்ணீர் உறிஞ்சப்படுவதில்லை. பாறை வெடிப்பு வழியாகக் கழிவுநீர் போர்வெல் வரை போகவும் வாய்ப்பிருக்கிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதியைத் துருவிக்கொண்டே போனால் இந்தப் பாறையில்தான் போய் முட்டும்.

உங்கள் லைன் போகும் வழி

கோப்பைக்கு அடியில் வளைந்த டிராப் இருக்கும். அதில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. அங்கிருந்து 4 அங்குல பைப், கடையில் 110 மி.மீ. என்று கேட்க வேண்டியது, சுவருக்கு வெளியே வந்து சேம்பரில், அதாவது மூடி போட்ட சிறு தொட்டியில், விழும். லைன் திரும்பும் இடத்திலும், இரண்டு லைன் சேரும் இடத்திலும் ஒரு சேம்பர் இருக்க வேண்டும். கடைசியில் செப்டிக் டேங்க், அதைத் தாண்டி உறிஞ்சு குழி. சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் பல வீடுகளில் தனி லைனாகப் போய்த் தெருக் கால்வாயிலோ வாழை மரத்தடியிலோ முடியும். சில வீடுகளில் எல்லாமே டேங்குக்குப் போகும். பாதாள சாக்கடை இணைப்பு உள்ள தெரு என்றால், கடைசிச் சேம்பரிலிருந்து லைன் நேராகத் தெரு மேன்ஹோலுக்குப் போகும்.

முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்டும்போது சேம்பர் மூடிக்கு மேலேயும் சேர்த்து ஒட்டிவிட்ட வீடுகள் ஏராளம். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அடைப்பு வரும் நாளில் அந்த டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும்.

எதையும் திறப்பதற்கு முன் ஒரு விஷயம். ஒன்றரை, இரண்டு அடி ஆழச் சேம்பரை வெளியில் நின்றபடி, கையுறையும் நீளக் கம்பியும் கொண்டு வீட்டுக்காரரே பார்க்கலாம். செப்டிக் டேங்க் அப்படியல்ல. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் திறனையே இழந்துவிடும். ஆள் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள், குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ வேண்டாம், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். டேங்குக்குள் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அழைத்தவர் வீட்டுக்காரராக இருந்தாலும் அது பொருந்தும். இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'ஐந்து நிமிட வேலை, இறங்கிவிட்டு வந்துவிடுகிறேன்' என்று யார் சொன்னாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது

குளியலறையில் நிற்கிறது, கழிவறையில் நன்றாக இறங்குகிறது என்றால் மெயின் லைனுக்கு ஒன்றுமில்லை. தரையிலிருக்கும் நஹானி டிராப்பின் ஜல்லடையைக் கழற்றுங்கள். உள்ளே கிண்ணம் போன்ற ஒரு பாகம் இருக்கும், அதையும் எடுங்கள். முடியும் சோப்பும் சேர்ந்த உருண்டை கைக்கு வரும். அநேகமாக வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சமையலறை சிங்க்கின் கதை வேறு. நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்தால் கரையாத வெள்ளைக் கசடாக மாறும். அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து பைப்பின் உட்சுவரில் பூச்சுப் போல ஏறும். இதோடு களிப் பானையைக் கழுவிய தண்ணீரும் சேர்கிறது. கேழ்வரகுக் களி காய்ந்தால் பானையிலேயே எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று இந்த ஊர்ப் பெண்களிடம் சொல்லித்தர வேண்டியதில்லை; பைப்புக்குள்ளும் அதே கதைதான். பானையை முதலில் ஊறவைத்து, அடியில் இருப்பதைச் சுரண்டி மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டுக் கழுவினால் பாதி அடைப்பு வராது. வந்துவிட்டதென்றால் சிங்க்கின் அடியில் உள்ள பாட்டில் டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். அடியில் ஒரு வாளியை வைக்க மறக்காதீர்கள். அது சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றி உள்ளே விடுங்கள். கொதிக்கும் தண்ணீரைப் பி.வி.சி. பைப்பில் ஊற்றாதீர்கள், இளகிவிடும். கை பொறுக்கும் சூடு போதும்.

ஆசிட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது சேம்பரின் சிமென்ட் பூச்சை அரிக்கும், டேங்கில் கழிவை மட்க வைக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். ஆசிட் ஊற்றிப் பலிக்காமல் பிளீச்சிங் பவுடரையும் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் முயன்றுவிட்டுப் பிளம்பரை அழைத்தால், உள்ளே ஆசிட் நிற்கிறது என்பதையாவது அவரிடம் சொல்லுங்கள். கையை விடப்போவது அவர்தான்.

எல்லா இடத்திலும் நிற்கிறது, பிளஷ் செய்தால் குளியலறையில் பொங்குகிறது

இது மெயின் லைன். பிளஷ் செய்த தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டிலேயே தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாக மேலே வருகிறது. மாடி வீடு என்றால் மேல் வீட்டார் தண்ணீர் விடும்போதெல்லாம் கீழ் வீட்டில் பொங்கும். மேலே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. முதலில் அவரிடம் சொல்லித் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு சேம்பர்களை வீட்டுப் பக்கத்திலிருந்து டேங்க் வரை வரிசையாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் சேம்பருக்கும் அடுத்துக் காலியாக இருக்கும் சேம்பருக்கும் இடையில்தான் அடைப்பு. முதல் சேம்பரே காலி என்றால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் டேங்கின் வாயிலோ டேங்கிலோ அதற்கு அப்பாலோ சிக்கல். இவ்வளவுதான் சோதனை, ஒரு கடப்பாரை போதும். இதைச் செய்யாமல் கூப்பிடும் எந்த ஆளும் குத்துமதிப்பாகத்தான் வேலை செய்வார்.

காலியான சேம்பருக்கு வெளியே நின்று, அதன் வழியாகத் தண்ணீர் வரும் திசைக்கு எதிராகக் கம்பியை விடுங்கள். அந்தக் காலத்தில் மூங்கில் பிளாச்சு விடுவார்கள்; இன்றும் நேரான லைனுக்கு அதைவிட நல்ல கருவி குறைவு. திருகி இணைக்கும் கம்பி என்றால் எப்போதும் வலப்பக்கமாகவே சுழற்றுங்கள். இடப்பக்கம் சுழற்றினால் உள்ளே கழன்று, அடைப்போடு கம்பியும் சிக்கிக்கொள்ளும். அடைப்பு விடும்போது தண்ணீர் ஒரேயடியாகப் பாயும். முகத்தை நேரே வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அந்தச் சேம்பரிலிருந்து வெளியேறும் வாயில் ஒரு கம்பி வலையை வைத்துப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் வந்த துணி அடுத்த வளைவில் போய் உட்காரும்.

சேம்பரே இல்லாத வீட்டில் சுவருக்கு வெளியே பைப் வளையும் இடத்தில் போல்ட் போட்ட சிறு கதவு இருக்கிறதா என்று பாருங்கள். டோர் பெண்ட் என்பார்கள். அது வழியாக ஸ்பிரிங் விடலாம். கம்பி உள்ளே முட்டி நின்றதும், பைப் வாய்க்கு நேராகக் கம்பியில் ஒரு துணியைக் கட்டி, வெளியே இழுத்து, பைப் போகும் திசையில் தரைமேல் போட்டுப் பார்த்தால் தோண்ட வேண்டிய இடம் தெரிந்துவிடும். முற்றம் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை.

வெளியே வந்ததைப் பாருங்கள்

அடைப்பு விட்டதும் எல்லோரும் செய்வது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மூடியைப் போடுவது. கொஞ்சம் பொறுங்கள். நோய் என்ன என்று சொல்வது அந்த வலையில் சிக்கியதுதான்.

நாப்கின், டயபர், துணி, குட்கா உறை வந்தால் பைப்பில் குற்றமில்லை. ஓசூர்ப் பக்கம் லைன் வீடுகளில் ஏழெட்டுக் குடித்தனங்களுக்கு ஒரே டேங்க். யார் போட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது, சண்டைதான் மிச்சம். கழிவறைக்குள் மூடியுள்ள குப்பைக் கூடை ஒன்று வைப்பது வீட்டுச் சொந்தக்காரருக்கு லாரி வாடகையைவிட மலிவு.

மயிர் போன்ற மெல்லிய வேர்கள் வந்தால் இணைப்பு ஏதோ ஒன்று வாய் பிளந்திருக்கிறது. பழைய வீடுகளில் பீங்கான் பைப்பைச் சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு விரிந்தால் வேம்பும் அரசும் புங்கமும் ஈரத்தைத் தேடி வந்துவிடும். வருடத்தில் பல மாதம் காயும் ஊரில் மரத்துக்கு உங்கள் கழிவுநீர் பைப்தான் வாய்க்கால். வேரை வெட்டி எடுத்தால் சில மாதம் ஓடும், பிறகு மறுபடி வளரும். அந்த இணைப்பை மாற்றுவது ஒன்றே தீர்வு. உப்பைக் கொட்டினால் வேர் சாகும் என்பார்கள். மண் கெடுவதுதான் மிச்சம்.

செம்மண்ணோ சரளைக் கல்லோ வந்தால் பைப் உடைந்திருக்கிறது, அல்லது பெருச்சாளி லைனை ஒட்டி வளை தோண்டி இணைப்பைக் குலைத்திருக்கிறது. தள்ளிப்போடாமல் தோண்ட வேண்டிய நிலை இது. உடைந்த வாய் வழியே மண் உள்ளே போகப் போக மேலே தரை உள்வாங்கும்.

சாம்பல் நிறக் கட்டி வந்தால் நாம் ஏற்கெனவே பார்த்த சோப்பும் பிசுக்கும். வைக்கோலும் சாணியும் வந்தால் தொழுவம் கழுவும் தண்ணீரை யாரோ இந்த லைனில் சேர்த்திருக்கிறார்கள்; பிரித்து எருக்குழிக்குத் திருப்புங்கள்.

குறிப்பாக எதுவுமே வரவில்லை, வெறும் மலக்கழிவுதான், ஆனாலும் மாதாமாதம் அடைக்கிறது என்றால் சரிவைச் சந்தேகியுங்கள். 4 அங்குல பைப்புக்கு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் இறக்கம் வேண்டும். பாறை வந்த இடத்தில் கொத்தனார் பைப்பை மேலே தூக்கிக் கொண்டுபோய், தாண்டியதும் மறுபடி இறக்கியிருப்பார். அந்த மேட்டுக்கு முன்னால் எப்போதும் தண்ணீர் தேங்கிக் கழிவு படியும். இரண்டு சேம்பருக்கு நடுவே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு சேம்பரில் டார்ச் அடியுங்கள், மற்றதில் கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிந்தால் லைன் நேர். அரை வட்டம் தெரிந்தால் நடுவில் தொய்ந்திருக்கிறது அல்லது ஏதோ நிற்கிறது. போனோடு இணைக்கும் சிறு கேமராக்களும் இப்போது கிடைக்கின்றன. வளைவுள்ள லைனுக்கு அது உதவும், நேர் லைனுக்குக் கண்ணாடியே போதும்.

டேங்கைத் திறந்தால் ததும்பி நிற்கிறது

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். சரியாக வேலை செய்யும் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். ஒரு பக்கம் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். நீர்மட்டம் வெளியேறும் பைப்பின் அடிமட்டத்தில் நிற்கும். 'டேங்க் ஃபுல்' என்று யாராவது மூடியைத் திறந்து காட்டினால் பயப்படாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: தண்ணீர் வெளியேறும் பைப்பின் வாய்க்குச் சமமாக இருக்கிறதா, அதை மூழ்கடித்து மேலே நிற்கிறதா?

சமமாக இருந்தால் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து, அடியில் படிந்த சேற்றை அளக்க வேண்டும். நீளக் கழியின் நுனியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மெதுவாகத் தரை தட்டும்வரை விட்டுச் சிறிது நேரம் வைத்து எடுங்கள். துணியில் கறுப்பாக அப்பியிருக்கும் உயரம்தான் சேறு. அது மொத்த நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் லாரியை அழைக்கும் நேரம். எட்டவில்லை என்றால் அழைக்க வேண்டாம். ஒழுங்காகக் கட்டிய டேங்கை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். ஐந்து பேருக்கான டேங்க் என்றால் இந்திய தர நிர்ணயப்படி நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75 மீட்டர், நீர் ஆழம் 1 மீட்டர் இருக்க வேண்டும். உங்களுடையது இதைவிடச் சிறியது என்றால் இடைவெளி குறையும்.

தண்ணீர் வெளியேறும் வாயை மூழ்கடித்து நின்றால் டேங்குக்கு அப்பால் கோளாறு. வெளியேறும் பக்கத்தில் ஒரு டீ பைப் நீருக்குள் ஏறத்தாழ ஓர் அடி இறங்கியிருக்க வேண்டும். மேலே மிதக்கும் ஏடு வெளியே போகாமல் தடுப்பது அதுதான். பல டேங்குகளில் அதை வைப்பதே இல்லை, அல்லது லாரிக் குழாய் பட்டு உடைந்திருக்கும். டீ இல்லையென்றால் ஏடெல்லாம் உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும்.

லாரி வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேலிருக்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போனால் காசு வீண். அடிச்சேற்றைக் கலக்கி எடுக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் சேற்றை மட்டும் உள்ளேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். பிளாஸ்டிக் டேங்கைக் காலியாக விட்டால் மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஈர மண் அதை மேலே தூக்கிவிடும். உரிமம் உள்ள வண்டியா என்று கேளுங்கள். 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். ஏரிக்கரையில் கொட்டும் வண்டி மலிவாகத்தான் வரும். அந்த ஏரித் தண்ணீர் உங்கள் போர்வெல்லுக்குத்தான் திரும்பும். சாணிக் கரைசல், வெல்லம், ஈஸ்ட், பாக்கெட் பொடி என்று எதையும் டேங்கில் கொட்ட வேண்டாம். தேவையான பாக்டீரியா கழிவோடு கூடவே வருகிறது.

லாரி போன சில வாரத்திலேயே மறுபடி நிரம்பிவிட்டது

இதற்குக் காரணம் மூன்று வகை. எளியதை முதலில் பாருங்கள்: பிளஷ் டேங்க் ஒழுகல். கடின நீர் உப்பு படிந்து அடைப்பு ரப்பர் சரியாக உட்காராமல், சத்தமே இல்லாமல் இரவு பகலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். பிளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலத்தைக் கலந்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் ரப்பரை மாற்றுங்கள். மலிவான சாமான், பெரிய நிம்மதி.

மழைக்காலத்தில் மட்டும் இப்படி ஆனால் மொட்டை மாடித் தண்ணீர் லைனில் சேர்கிறதா, சேம்பர் மூடி தரை மட்டத்துக்குக் கீழே இருந்து முற்றத்து வெள்ளம் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். மழைநீர் பைப்பைக் கழிவுநீர் லைனில் சேர்ப்பது குழி தோண்டும் செலவை மிச்சம் பிடிக்கும் யோசனை. பிரித்துவிடுங்கள், பிரித்த தண்ணீரைச் சேகரியுங்கள்.

இவை இரண்டும் இல்லை என்றால் உறிஞ்சு குழி செத்துவிட்டது. பாறைத் தரையில் இது சகஜம். குழிக்குப் பக்கத்தில், அதே ஆழத்துக்கு ஒரு சிறு குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் ஊற்றி அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த இடத்தில் உறிஞ்சு குழி எடுபடாது. எத்தனை உறை இறக்கினாலும் அது இன்னொரு டேங்க்தான். அதே குழியை ஆழப்படுத்தச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், ஆழத்தில் இருப்பது இன்னும் கெட்டிப் பாறை. மண் கொஞ்சமாவது இருக்கும் மேல்பகுதியில், ஆழம் குறைவாகவும் நீளமாகவும் கால்வாய் எடுத்து ஜல்லி நிரப்பித் துளை பைப் போடுவது பலிக்கும். மண்ணே இல்லாத இடத்தில், டேங்குக்கு அடுத்து ஜல்லி நிரப்பிய தொட்டியில் தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஏறவிட்டு வடிகட்டி, பிறகு அடியில் கான்கிரீட் போட்ட ஜல்லிப் பாத்தியில் கல்வாழை நட்டு அதற்கு விடலாம். இடம் வேண்டும், பராமரிப்பும் வேண்டும். ஆனால் மாதம் ஒரு லாரி என்ற கணக்கு நின்றுவிடும்.

அடைப்பு இல்லை, நாற்றம் மட்டும்

பெங்களூரில் வேலை, ஊரில் பூட்டிய வீடு. பொங்கலுக்குத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது. டிராப்பில் நின்ற தண்ணீர் வற்றிவிட்டது, வேறொன்றுமில்லை. எல்லா வாயிலும் ஒரு வாளித் தண்ணீர் விடுங்கள். மறுபடி பூட்டும்போது தண்ணீர் விட்டு மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் ஆவியாவது குறையும்.

ஆள் இருக்கும் வீட்டில் நாறினால் கோப்பையின் அடி இணைப்பைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கே கசிவு. குளியலறையில் டிராப்பே வைக்காமல் நேராகப் பைப்பை இறக்கிய வீடுகளும் உண்டு. அதற்கு மேலே எவ்வளவு பினாயில் ஊற்றியும் பயனில்லை, தரையை உடைத்து டிராப் வைக்கத்தான் வேண்டும்.

பிளஷ் செய்யும்போது குளியலறை வாயில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் ஏர் பைப்பைப் பாருங்கள். மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டிய அந்தப் பைப்பை, மாடி கட்டும்போது பாதியில் வெட்டி மூடியிருப்பார்கள். காற்று வர வழியில்லாமல் தண்ணீர் டிராப்பையே உறிஞ்சி இழுத்துவிடுகிறது, நாற்றம் உள்ளே வருகிறது. பைப்பை மேலே நீட்டுங்கள், வாயில் கொசுவலை கட்டுங்கள். குளவிக் கூடும் அணில் திணித்த நாரும் அடைத்திருப்பது அபூர்வமல்ல.

முற்றத்தில் ஈரம், ஓரிடத்தில் மட்டும் புல், தரை உள்வாங்குகிறது

மே மாதத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் கீழே பைப் கசிகிறது. உறுதிசெய்ய, கீழ்ச் சேம்பரில் பைப் வாயைத் துணி சுற்றிய பையால் இறுக்கி அடைத்து, மேல் சேம்பரில் தண்ணீர் ஊற்றி நிரப்பிக் கோடு போடுங்கள். அரை மணியில் மட்டம் நன்றாக இறங்கினால் நடுவில் உடைப்பு.

போர்வெல் தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ வந்தால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு என்றால், அந்த நிமிடமே அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் நிறுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிச் சோதனை செய்யலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடு என்றால் குடிக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடுக்காக வந்த திட்டம் இதற்கும் கைகொடுக்கும். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. வெடிப்புள்ள பாறையில் அந்த 18 மீட்டரையும் முழுதாக நம்ப முடியாது என்பது என் கருத்து. மனை இடம் கொடுத்தால் இன்னும் தள்ளியே வையுங்கள்.

மழை பெய்தால் தெருச் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது

பாதாள சாக்கடை இணைப்பு உள்ள வீடுகளுக்கு மட்டும். உங்கள் கடைசிச் சேம்பரும் தெரு மேன்ஹோலும் இரண்டுமே நிரம்பியிருந்தால் உங்கள் செலவில் எதையும் தோண்டாதீர்கள், நகராட்சியிலோ மாநகராட்சியிலோ புகார் கொடுங்கள். தெருவைவிடத் தாழ்ந்த வீடு என்றால் கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு வைக்கலாம். வைத்தால் மாதம் ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும். அதன் மடிப்பில் ஒரு துணி சிக்கினாலே அதுவே அடைப்பாகிவிடும்.

தோண்டி மாற்றுவதென்றால்

உடைந்த துண்டின் இரு பக்கமும் நல்ல பைப் தெரியும்வரை தோண்டுங்கள். நேராக அறுத்து, அதே அளவு புதுத் துண்டை வைத்து, இரு முனையிலும் ரப்பர் ரிங் உள்ள நழுவு கப்ளரைப் போட்டு இணைக்கலாம். கடையில் எஸ்.டபிள்யூ.ஆர். பைப் (கழிவுநீர், மழைநீர் பைப்) கேட்டால் 'ஏ' வகை, 'பி' வகை என்று இரண்டு காட்டுவார்கள். 'ஏ' மழைநீருக்கும் காற்றுக்கும் உரியது, விலை குறைவு. மலக்கழிவுக்கு 'பி' வகைதான். வண்டி ஏறும் இடத்தில் புதைக்க, நிலத்தடிக் கழிவுநீருக்கென்றே செங்கல் நிறத்தில் வரும் கெட்டியான பைப் நல்லது.

பைப்பின் அகன்ற வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். நேர்க்கோண வளைவு ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டு போடுங்கள், 'T' வடிவ இணைப்புக்குப் பதில் 'Y' வடிவ இணைப்பு. சரிவை டியூப் லெவலில் பாருங்கள். கண் மட்டத்தை நம்ப வேண்டாம்.

பள்ளத்தின் அடியில் பாறை முனை தெரிந்தால் பிரேக்கர் வைத்து உடைத்து எடுங்கள். பாறைமேல் நேராக உட்காரும் பைப் ஒரு வருடத்தில் அந்த முனையிலேயே விரியும். கீழே 4 அங்குலம் எம் சாண்ட், பைப்பைச் சுற்றியும் மேலேயும் எம் சாண்ட். தோண்டி எடுத்த கல்லும் மண்ணும் அதற்கு மேலேதான். கூலியாட்கள் கைக்குக் கிடைத்த கல்லை முதலில் தள்ளிவிடுவார்கள்; அந்த நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். பாறையை உடைக்க முடியாமல் சரிவு கிடைக்கவில்லை என்றால், கீழ்ப்பக்கத்தை ஆழப்படுத்தப் போராடுவதைவிடக் கழிவறைத் தளத்தை ஒரு படி உயர்த்துவதே மலிவாக முடியும்.

மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டு இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். பிறகு, பைப் தெரியும் நிலையிலேயே, பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து, வீட்டு மூலையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு ஒரு பிரதி வையுங்கள். சேம்பர் மூடியைத் தரைக்கு அரை அங்குலம் மேலே நிறுத்திப் பூசச் சொல்லுங்கள், டைல்ஸ் ஆள் வந்தாலும் அதன்மேல் ஒட்டாதபடி.